தலையில் பூசிய தைலம்: திருச்சபைப் பணிக்கு அழைப்பு யாருக்கு?

ஞாயிறு திருப்பலி முடியப்போகிறது. சாமியார் அறிவிப்புத் தாளைக் கையில் எடுக்கிறார். "மறைக்கல்வி வகுப்புக்கு ஆசிரியர்கள் தேவைப்படுகிறார்கள். விருப்பமுள்ளவர்கள் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்." அந்த நேரத்தில் கோயிலுக்குள் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பாதிப் பேர் குனிந்து குடையைத் தேடுவார்கள். சிலருக்குத் திடீரென்று பிள்ளையின் சட்டைப் பொத்தான் கண்ணில் படும். "அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க" என்று யாராவது பக்கத்தில் முணுமுணுப்பார். நானும் பல வருடம் குடை தேடியவன்தான்.

குடை தேடுகிறவர்களெல்லாம் சோம்பேறிகள் இல்லை. பெரும்பாலானோர் மனதில் இருப்பது, "எனக்கு அப்படி அழைப்பு எதுவும் வரவில்லையே" என்பதுதான். அதனால் 'அழைப்பு' என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். நான் கத்தோலிக்கன், எழுதுவதும் கத்தோலிக்கப் பங்கை, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த விசுவாசிகளின் சமூகத்தை, மனதில் வைத்துத்தான். நாங்கள் திருச்சபைப் பணி என்பதையே சி.எஸ்.ஐ., லூத்தரன் சபையார் 'ஊழியம்' என்பார்கள். திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்ற எல்லாருமே ஆசாரியர்கள் (குருக்கள்) என்று சீர்திருத்தவாதி லூத்தர் 1520லேயே எழுதிவிட்டார். எங்கள் பக்கம் அது உறைக்கக் கொஞ்சம் நாளானது.

நம் ஊரில் 'தேவ அழைத்தல்' என்றால் ஒரே அர்த்தம்தான்: பையன் குருமடத்துக்குப் போகிறான், அல்லது பெண் கன்னியர் மடத்துக்குப் போகிறாள். பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தின் நான்காம் ஞாயிறு, நல்லாயன் ஞாயிறு. 1964 முதல் அந்த நாளில் உலகம் முழுவதும் இறையழைத்தலுக்காக மன்றாடுகிறோம். அன்று கோயிலில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பையன் என்ன புரிந்துகொள்கிறான்? கடவுள் கூப்பிடுவது சிலரை, மிச்சப் பேரைக் கூப்பிடவில்லை, நாம் மிச்சப் பேர். ஐம்பது வயதிலும் அந்தக் கணக்கிலேயே இருப்பவர்கள் உண்டு.

புதிய ஏற்பாட்டில் திருச்சபையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'எக்ளேசியா'. அழைத்தல் என்ற வினை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கூப்பிடப்பட்டு வந்தவர்களின் கூட்டம்தான் சபை. அப்படியானால் கூப்பிடப்படாத உறுப்பினர் என்று ஒருவர் அதில் இருக்க வழியில்லை.

எப்போது கூப்பிட்டார்கள்? உங்களுக்கு நினைவிருக்காது, அநேகமாக அழுதுகொண்டிருந்திருப்பீர்கள். திருமுழுக்கில் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றிய பிறகு, உச்சந்தலையில் கிறிஸ்மா என்னும் புனிதத் தைலத்தைக் குரு பூசுகிறார். குருவும் இறைவாக்கினரும் அரசருமான கிறிஸ்துவின் உறுப்பாக இந்தக் குழந்தை நிலைத்திருக்கட்டும் என்பது அப்போது சொல்லும் மன்றாட்டின் பொருள். நாம் அந்த நேரத்தில் பெரும்பாலும் போட்டோக்காரரைப் பார்த்துக்கொண்டிருப்போம். பழைய ஏற்பாட்டில் தைலம் பூசி நியமிக்கப்பட்டவர்கள் குருக்கள், அரசர்கள், சில வேளை இறைவாக்கினர். 'கிறிஸ்து' என்பதற்கே திருப்பொழிவு பெற்றவர் என்றுதான் பொருள். அந்த நியமனத்தில் ஒரு பங்கு கைக்குழந்தைக்கும் கிடைக்கிறது.

குருவாக இருப்பது என்றால் பீடத்தில் நிற்பது மட்டும் இல்லை. அன்றாட உழைப்பையும் வலியையும் கடவுளுக்குக் காணிக்கையாக்குவது எல்லாருக்கும் உரிய குருத்துவம். இறைவாக்கினர் என்றால் நாள் பார்த்துச் சொல்கிறவர் இல்லை, உண்மையை உண்மை என்று சொல்கிறவர். அரசர் என்பதுதான் நமக்கு வேகமாகத் தலைக்கேறும். அதற்கான மாதிரியை யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் பாருங்கள். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவுகிறவர்தான் அந்த அரசர்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் நடுவில் நன்றாகவே மறந்துபோனது. 1906ல் திருத்தந்தை (போப்) பத்தாம் பத்திநாதர் பிரான்சுக்கு எழுதிய சுற்றுமடலில், திரளான மக்களுக்குள்ள ஒரே கடமை மேய்ப்பர்கள் நடத்துகிறபடி சாதுவான மந்தையாகப் பின்செல்வது என்ற கருத்து இருக்கிறது. அவரை இதற்காகத் திட்ட வேண்டியதில்லை, அன்று திருச்சபை தன்னைப் பார்த்துக்கொண்ட விதம் அது. 58 வருடம் கழித்து, 1964 நவம்பர் 21 அன்று, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. அதில் பொதுநிலையினருக்கென்று தனி இயலே உண்டு. அடுத்த ஆண்டு நவம்பர் 18ல் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றித் தனி ஆணையும் வந்தது. அதில் ஓர் இடம் கொஞ்சம் சுருக்கென்று தைக்கும்: தன் பங்கைச் செய்யாத உறுப்பு உடலுக்கும் பயனில்லை, தனக்கும் பயனில்லை.

பொதுநிலையினர் என்றால் குருக்களோ துறவிகளோ அல்லாத விசுவாசிகள், நானும் நீங்களும். திருச்சபையில் மிகப் பெரும்பான்மை நாம்தான், குருப்பட்டம் போன்ற திருநிலைப்பாடு பெற்ற திருநிலையினர் சிறுபான்மை, அவர்கள் நமக்குப் பணிசெய்ய இருப்பவர்கள். இப்படி நான் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், சொன்னவர் திருத்தந்தை பிரான்சிஸ், 2013ல்.

நம் கடற்கரைக்கு இது பழைய செய்தி

ரோமில் இதையெல்லாம் எழுதுவதற்கு நானூறு வருடத்துக்கு முன்பே தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரையில் இது நடைமுறையில் இருந்தது. 1542ல் பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்தபோது ஊர்கள் நிறைய, குருக்கள் விரல்விட்டு எண்ணும்படி. ஓர் ஊரில் தங்கினால் மற்ற ஊர்கள் காலி. அவர் என்ன செய்தார் என்றால், ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை வைத்தார். பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுப்பது, சாகக்கிடக்கும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுப்பது, திருமணத்துக்குத் தடை ஏதும் இருந்தால் சொல்வது எல்லாம் அவர்கள் வேலை. சம்பளத்துக்குப் பணம்? அந்தக் கரையின் வருமானத்தில் போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருந்தது. அதை இந்த வேலைக்குத் தரும்படி அரசிக்கே எழுதி வாங்கினார். பிற்காலத்தில் ஊர்தோறும் நாம் பார்த்த உபதேசியார், கோயில்பிள்ளை எல்லாம் அந்த வரிசையில் வந்தவர்கள்தான்.

யாழ்ப்பாணத்தில் இன்னும் கடினமான பாடம். 1658ல் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகள் 1687ல் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை ஏறத்தாழ முப்பது வருடம். அந்த இடைவெளியில் விசுவாசத்தைக் காப்பாற்றியது யார்? வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் செபமாலை சொன்ன அம்மாமார்தான், வேறு யார் இருந்தார்கள். வாஸ் அடிகளும் அவர் வழிவந்த குருக்களும் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தி அவர்களை நம்பியே சபையை நடத்தினார்கள். குரு வருடத்துக்கு ஒருமுறை வருவார், மற்ற நாளெல்லாம் அண்ணாவியார்தான் செபம் சொல்வார், பிள்ளைகளுக்குப் படிப்பிப்பார்.

இனி தேவசகாயம். 1712ல் நட்டாலத்தில் பிறந்தவர், திருவிதாங்கூர் அரசுப் பணியாளர். அவருக்குக் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னவர் குரு இல்லை. குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டி லனாய் என்ற டச்சுப் படைத் தளபதி. மனம் உடைந்திருந்த நண்பருக்கு அவர் துன்பத்திலும் கடவுளை விடாத யோபுவின் விவிலியக் கதையைச் சொன்னார் என்பது மரபு. ஓர் அலுவலர் இன்னொரு அலுவலரிடம் பேசிய பேச்சு, அவ்வளவுதான். 1745ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. அதன்பிறகு அவர் சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார், உண்டார், அது மேலிடத்துக்குப் பொறுக்கவில்லை. 1752 ஜனவரி 14ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ல் புனிதர் பட்டம் பெற்றபோது இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் பங்குப் பேரவை உறுப்பினரும் இல்லை, பாடகற்குழுவிலும் இல்லை என்பதை மட்டும் இப்போதைக்கு மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

குறை சொன்னவர்கள் கையில் கரண்டி

பங்குப் பணியைப் புரிந்துகொள்ள நான் எல்லாருக்கும் படிக்கச் சொல்வது திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்கள். எருசலேமில் சபை பெருகுகிறது, கூடவே சண்டையும் வருகிறது. கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு. இறைவார்த்தையை விட்டுவிட்டுப் பந்தியில் பணிசெய்வது எங்களுக்கு முறையல்ல என்று பன்னிரு திருத்தூதர்களும் சபையைக் கூட்டிச் சொல்கிறார்கள். நற்சான்று பெற்ற, ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்கிறார்கள்.

தெரிந்தெடுக்கப்பட்ட பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே கரண்டியைக் கொடுத்திருக்கிறார்கள்! நம் ஊரில் குறை சொன்னவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அடுத்து நடந்ததையும் பாருங்கள். சோறு பரிமாற வந்த ஸ்தேவான் சில வசனங்களுக்குள் பேசத் தொடங்கி முதல் மறைச்சாட்சி ஆகிறார். பிலிப்பு சமாரியாவுக்குப் போய் நற்செய்தி அறிவிக்கிறார். பந்திக்கென்று போட்ட ஆட்கள் பந்தியோடு நிற்கவில்லை. இந்த எழுவரையும் முதல் திருத்தொண்டர்கள் (டீக்கன்கள்) என்று மரபு சொல்கிறது, அவர்கள் மேல் கைவைத்து மன்றாடியதும் உண்மை. ஆனாலும் தொடக்கப் புள்ளி ஒரு கைம்பெண்ணின் காலித் தட்டு. அங்கே பணிக்கு உள்ள சொல் 'தியாகோனியா', பந்திவேலை.

உங்கள் பங்கிலும் அப்படித்தான் தேட வேண்டும். "எனக்கு என்ன திறமை இருக்கிறது" என்று கண்ணாடி முன்னால் நின்று யோசித்தால் ஒன்றும் தோன்றாது. யாருடைய தட்டு காலியாக இருக்கிறது என்று பார்த்தால் வேலை தானாகத் தெரியும். பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் சிறு குழுவை அன்பியம் என்போம்; எங்கள் அன்பியத்தில் முப்பது வீடு. அதில் கோயிலுக்கு வரமுடியாமல் படுத்திருக்கும் பெரியவர்கள் நாலு பேர் என்பது எனக்குத் தெரியவே மூன்று வருடம் ஆயிற்று.

எங்கெங்கே வேலை இருக்கும் என்று கேட்டால், வழிபாட்டில் விவிலியம் வாசிக்கும் வாசகர், பாடகற்குழு, பீடச்சிறுவரைப் பழக்குவது. அப்புறம் மறைக்கல்வி. அன்பியக் கூட்டம். பக்த சபைகள். கணக்கு வழக்கு. இவற்றில் வாசகர் பணிதான் புதியவர் தொடங்க எளிது என்பார்கள். எளிது என்பது பாதி உண்மை. பெந்தகோஸ்து ஞாயிறு வாசகத்தை ஒருமுறை ஒத்திகை இல்லாமல் வாசித்துப் பாருங்கள்: பார்த்தர், மேதியர், எலாமியர், மெசப்பொத்தாமியா, கப்பதோக்கியா, பிரிகியா, பம்பிலியா. எங்கள் வாசகர் குழுவில் அந்த ஒரு ஞாயிறு மட்டும் எல்லாருக்கும் வெளியூரில் கல்யாணம் இருக்கும். முந்தின நாள் இரவு இரண்டு தடவை சத்தமாகப் படித்துவிட்டு வருவதே பாதிப் பணி.

பெண்கள் நம் கோயில்களில் பல காலமாக வாசித்துவருகிறார்கள். ஆனால் வாசகர், பீடத்தில் குருவுக்கு உதவும் பீடத்துணைவர் என்ற பணிகளை நிலையாக ஏற்கும் உரிமையை 1972ல் திருத்தந்தை ஆறாம் பவுல் பொதுநிலை ஆண்களுக்கு மட்டுமே திறந்தார். பெண்களுக்கு அது 2021 ஜனவரியில்தான் கிடைத்தது. அதே ஆண்டு மே 10ல் மறைக்கல்வி ஆசிரியர் பணியும் திருச்சபையின் அதிகாரபூர்வ பணியாக அறிவிக்கப்பட்டது. கணக்கப்பிள்ளைகள் காலத்திலிருந்து எண்ணினால் எவ்வளவு தாமதம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வேலை பெண்கள் செய்வது, மாலை ஆண்கள் வாங்கிக்கொள்வது என்ற பழக்கம் சட்டம் மாறியதால் மட்டும் போய்விடவில்லை, திருவிழா மேடையைப் பார்த்தாலே தெரியும்.

பக்த சபைகளில் இரண்டைக் கட்டாயம் சொல்ல வேண்டும், இரண்டையும் தொடங்கியவர்கள் பொதுநிலையினர். புனித வின்சென்ட் தே பவுல் சபையை 1833ல் பாரிசில் நண்பர்களோடு தொடங்கிய பிரெடெரிக் ஓசானாமுக்கு அன்று வயது 20, மாணவர். விவாதக் கூட்டத்தில் திருச்சபையைப் புகழ்ந்து பேசியவர்களிடம், ஏழைகளுக்கு இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டது. பதில் இல்லை. அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் இந்தச் சபை. ஏழைகளைக் கோயிலுக்குக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தாமல் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவதை அன்றே முறையாக வைத்தார்கள். மரியாயின் சேனை 1921 செப்டம்பர் 7ல் டப்ளினில் தொடங்கியது. நிறுவியவர் பிராங்க் டஃப், அரசு ஊழியர். வாரம் இரண்டு மணி நேர வேலை, தனியாகப் போகாமல் இருவராகப் போவது, அடுத்த கூட்டத்தில் செய்ததைச் சொல்வது. பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் புதியவருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. தனியாகப் போயிருந்தால், நான் முதன்முதலாகச் சந்திக்கப் போன வீட்டின் வாசலிலிருந்தே திரும்பியிருப்பேன்.

பங்குப் பேரவைக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போனால் மனக்கசப்பு குறையும். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி, மேய்ப்புப்பணிப் பேரவை எனப்படும் இந்தப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமைதான் உண்டு (சட்ட எண் 536). ஆனால் நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும் (537). திருச்சபையின் நலன் பற்றிய தன் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமையும் சில வேளை கடமையும் உண்டு (212). இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறவர்களை இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் தானே செய்யும் சாமியாருக்கு விடுதலைப் பயணம் 18ஆம் அதிகாரத்தை வாசிக்கக் கொடுக்கலாம். காலை முதல் மாலைவரை ஒற்றையாளாக வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயிடம், நீ செய்வது நல்லதல்ல, களைத்துப்போவாய் என்று மாமனார் இத்திரோ நேராகவே சொல்கிறார்.

கோயில் காம்பவுண்டுக்கு வெளியே

இப்போது தேவசகாயத்துக்குத் திரும்புவோம். சுறுசுறுப்பாகப் பணிசெய்கிறவர் என்றால் எந்நேரமும் கோயில் வளாகத்தில் இருப்பவர் என்று நாமே முடிவு செய்துவிட்டோம். வத்திக்கான் சங்கம் அப்படிச் சொல்லவில்லை. உலகக் காரியங்களுக்குள் இருந்துகொண்டே, குடும்பம், தொழில், அரசியல் என்று கடவுளின் விருப்பப்படி அவற்றை ஒழுங்குபடுத்துவதுதான் பொதுநிலையினருக்கே உரிய அழைப்பு என்கிறது அந்தக் கொள்கைத் திரட்டின் 31ஆம் எண். பொதுநிலையினரின் பணிகள் பெருகியும், அது சமூகத்திலும் பொருளாதாரத்திலும் மாற்றமாகத் தெரியாமல் சபைக்குள் செய்யும் வேலைகளோடு நின்றுவிடுகிறது என்று திருத்தந்தை பிரான்சிஸ் குறைப்பட்டதும் இதைத்தான்.

ஞாயிறு முதல் வாசகம் வாசித்துவிட்டுத் திங்கள்கிழமை அலுவலகத்தில் ஒரு கோப்பு நகர லஞ்சக் கவர் வாங்குகிறவர் அரைநேர வாசகர்கூட இல்லை. சம்பள நாளில் ஆள்களுக்குச் சரியாகக் கொடுக்கும் மேஸ்திரி, இரவு ஷிப்டில் அழைப்பு மணி அடித்ததும் எழுந்து போகும் நர்ஸ், சாதி கேட்காமல் வீடு வாடகைக்கு விடுகிறவர்: இவர்கள் பெயர் எந்தப் பக்த சபைப் பதிவேட்டிலும் இருக்காது. இவர்கள் செய்வது திருச்சபைப் பணி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. நம் கல்லறைத் தோட்டம் சிலவற்றில் இன்னும் சாதிக்கொரு மூலை இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசித்தால், காற்றாடி மலையில் சிந்திய ரத்தத்துக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பது புரியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் தாயாரை மனைவியிடம் விட்டுவிட்டு, நோயாளிகளைச் சந்திக்கும் குழுவில் ஊர் ஊராகப் போன ஒருவரை எனக்குத் தெரியும். வேறு யாருமில்லை, ஒரு காலத்து நான். கோயில் வேலையில் பெயர் கிடைக்கும், வீட்டு வேலையில் கிடைக்காது. இயேசுவை வீட்டில் வரவேற்ற மார்த்தா சமையலறையில் பட்ட பாட்டை நாம் குறைத்துப் பேசுகிறோம், சரி. ஆனால் இயேசு அவரிடம் சொன்னது வேலை செய்யாதே என்றல்ல, பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றுதான். செபம் விட்டுப்போய், முகம் கடுகடுத்து, "நான் இல்லன்னா இந்தப் பங்கு நடக்காது" என்று வாயில் வந்துவிட்டால் ஆறு மாதம் ஓய்வெடுங்கள். பங்கு நடக்கும்.

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரு வேலை போதும், அதையும் ஒரு வருடத்துக்கு என்று சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். முன்பு அதைச் செய்தவரைப் போய்ப் பார்த்துக் கேளுங்கள், அவர் மனம் குளிரும், உங்களுக்குப் பாதித் தவறு மிச்சமாகும். வராத வேலையை வராது என்று சொல்லலாம். குரல் சரியில்லாமல் பாடகற்குழுவில் பல வருடம் நிற்பது எளிமையில் சேராது.

முதலில் சொன்ன மறைக்கல்வி அறிவிப்பு எங்கள் பங்கில் நிஜமாகவே நடந்தது. அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வந்தது ஒரே ஒரு ஆள், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன். "ஃபாதர், எனக்குப் பாடம் நடத்தல்லாம் வராது. எட்டாங்கிளாஸோட நின்னுட்டேன். ஆனா குளத்துக்கரைப் பிள்ளைங்க வகுப்புக்கு வர்றதே இல்ல, பஸ் கிடையாது. ஞாயித்துக்கிழமை சவாரி பத்து மணிக்கு மேலதான். அதுங்கள நான் ஏத்திட்டு வந்து விடட்டுமா?" முதல் வாரம் ஆறு பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஒரு பெண் இப்போது மூன்றாம் வகுப்புக்கு மறைக்கல்வி எடுக்கிறாள். அண்ணன் வகுப்பு முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.